வேரும் வேண்டும்... விவேகமும் வேண்டும்!

போன வருஷம் ஐப்பசி மாதம். அடைமழை. ராத்திரி எட்டரை மணிக்கு கிளினிக்கைப் பூட்டலாம் என்று எழுந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பில் எனக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இப்போது வயது எழுபத்திரண்டு. ஒரு காலில் செருப்பு. இன்னொரு காலில் பழைய வேட்டித் துணியால் ஒரு கட்டு.

"செருப்பு கடிச்ச புண்ணுப்பா. மூணு வாரமா ஆறமாட்டேங்குது. ஏதாவது ஆயின்மென்ட் எழுதிக் குடு, போதும்" என்றார்.

கட்டைப் பிரித்தேன். வாடை அடித்தது. இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. அங்கேயே சுகர் பார்த்தேன். 412!

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா சார்?"

வாத்தியார் பேசவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "நாலு மாசமா மாத்திரையைத் தொடலீங்க. யாரோ சொன்னாங்கன்னு ஒரு மூலிகைப் பொடி வாங்கிட்டு வந்தாரு. சுகரை அடியோட வேரறுத்துடுமாம். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. அவ்வளவு கசக்குதே, கேக்காம இருக்குமான்னு நானும் நம்பிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கேட்டா நீ திட்டுவியேப்பா."

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "சிறுகுறிஞ்சான் நல்லதுங்கறாங்களே, சாப்பிடலாமா?" என்று கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "அந்தக் குப்பையெல்லாம் வேண்டாம் சார், மாத்திரையைப் போடுங்க" என்று அரை நிமிஷத்தில் அனுப்பி வைத்தேன். மனுஷர் அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதில் பொடி விற்றவனுக்கு ஒரு பங்கு உண்டென்றால், எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா கேட்டார்: "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. நிஜமாவே மூலிகையில ஒண்ணும் இல்லீங்களா? நம்ம பெரியவங்கல்லாம் முட்டாளா?"

அந்தக் கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

செடியில் பிறந்த மாத்திரை

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சர்க்கரை நோய்க்கு உலகத்திலேயே அதிகம் பேர் விழுங்குகிற மாத்திரை மெட்ஃபார்மின். உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலும் இருக்கும். அதன் பூர்வீகம் எது தெரியுமா? ஒரு செடி!

ஐரோப்பாவில் 'காலேகா' என்றொரு செடி. ஊதாப் பூ பூக்கும். அடிக்கடி சிறுநீர் போகிறவர்களுக்கு அந்த நாட்டு மக்கள் அதைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அந்தச் செடியில் குவானிடின் வகைப் பொருள் இருந்தது. 1918-ல், குவானிடின் பிராணிகளின் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். செடியிலிருந்து எடுத்த சத்தை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நன்மையோடு நஞ்சும் சேர்ந்து வந்தது. அதனால் கைவிட்டார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, நஞ்சு குறைந்த மெட்ஃபார்மினை 1922-ல் ரசாயனக் கூடத்தில் தயாரித்தார்கள். அது சர்க்கரை நோயாளிகளுக்கு உதவும் என்று பிரான்ஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன் எடுத்துச் சொன்னது 1957-ல். அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1995-ல். இங்கிலாந்தில் பல வருஷம் நடந்த பெரிய ஆராய்ச்சி, இது மாரடைப்பையும் குறைக்கிறது என்று சொன்னது 1998-ல்.

இன்னொன்று. 1835-ல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 'ஃப்ளோரிசின்' என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று 1886-ல் தெரிந்தது. ஆனால் வாய் வழியாகக் கொடுத்தால் குடலிலேயே சிதைந்து விடும். பேதியும் ஆகும். அதைச் செதுக்கிச் செதுக்கி, இன்றைக்கு டாக்டர்கள் எழுதுகிற டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளாக ஆக்கினார்கள். அது ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 2012-ல். பட்டையிலிருந்து மாத்திரைக்கு வர நூற்று எழுபத்தேழு வருஷம்!

ஆக, "செடியில் ஒன்றும் இல்லை" என்று சொல்கிற டாக்டர், தான் எழுதுகிற மருந்துச் சீட்டையே சரியாகப் படிக்காதவர். அதே மாதிரி, "செடியில் இருக்கிறது, அதனால் அப்படியே அரைத்துக் குடி" என்பவர், நடுவில் இருந்த அத்தனை வருஷங்களையும் தாண்டிக் குதிக்கிறார். அந்த வருஷங்களில் நடந்தது என்ன? எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது, கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்ற கணக்கு. எங்கள் வாத்தியார் பாஷையில் சொன்னால், விடை மட்டும் போதாது. ஸ்டெப்பும் வேண்டும்!

நம் கொல்லைப்புறத்துச் செடிகள்

சரி, நம்முடைய செடிகளுக்கு வருவோம். இவற்றைப் பற்றி ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நினைத்து விடாதீர்கள்.

சிறுகுறிஞ்சான். இதற்கு சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தை அது தற்காலிகமாக மறைத்து விடுகிறது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த இலையின் சாரத்தைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் 22 நோயாளிகளுக்கு, மாத்திரையோடு சேர்த்து, ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்... 22 பேர்தான். அதிலும் 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது.

வேங்கை மரக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐ.சி.எம்.ஆர்.) எடுத்துச் சோதித்தது. 1998-ல் வெளியான முடிவின்படி, 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்துக்குள் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் கொடுத்தது ஊறிய தண்ணீர் அல்ல. அளந்து கொடுத்த சாரம். அதோடு, மருந்து தராத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. டாக்டர் கண்காணிப்பில் வந்ததுமே பத்தியம் காக்கிறவர்கள் நம் ஆட்கள்! எது மருந்தால் குறைந்தது, எது பத்தியத்தால் குறைந்தது என்று எப்படிப் பிரிப்பது?

வெந்தயம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் செய்த ஆராய்ச்சி 1990-ல் வந்தது. கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி கொடுத்ததில், சிறுநீரில் போகிற சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. எவ்வளவு கொடுத்தார்கள்? நாளுக்கு 100 கிராம்! நாம் ஊற வைக்கிற ஒரு ஸ்பூன் எங்கே, 100 கிராம் எங்கே? வெந்தயத்தில் இருக்கிற வழவழப்பான நார், சோற்றுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் குறைக்கிறது. அது நல்ல விஷயம்தான். வெந்தயத்தைச் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

பாகற்காய். 479 பேர் கலந்துகொண்ட நான்கு ஆராய்ச்சிகளை உலக அளவில் ஒரு நிபுணர் குழு 2012-ல் அலசிப் பார்த்தது. சர்க்கரையைக் குறைக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தது. லவங்கப்பட்டைக்கும் அதே வருஷம் அதே தீர்ப்பு. பாகற்காய் பொரியல் அருமையான காய்கறி, தாராளமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையையும் போட்டுக்கொண்டு, டம்ளர் டம்ளராகப் பாகற்காய்ச் சாறும் குடித்தால் சில சமயம் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் கோபம் செடிகள் மேல் இல்லை. 1990-ல் 22 பேரிடம் தொடங்கிய சிறுகுறிஞ்சான் கதையை, இரண்டாயிரம் பேரிடம் சோதித்து, மாரடைப்பும் கால் புண்ணும் குறைகிறதா என்று பார்க்கிற அளவுக்கு நாம் இன்னும் கொண்டு போகவில்லை. காலேகாவுக்கு ஐரோப்பியர்கள் செய்ததை நம் செடிக்கு நாம் செய்யவில்லை. "நம் முன்னோர் அன்றைக்கே சொன்னார்கள்" என்று மேடையில் கைதட்டு வாங்கினால் போதுமா? முன்னோர் சொன்னதை மதிக்கிற லட்சணம், அதைச் சரியாகச் சோதித்துப் பார்ப்பதுதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

வாத்தியார் வாங்கிய டப்பாவைப் பார்த்தேன். 'பதினெட்டு அபூர்வ மூலிகைகள்' என்று போட்டிருந்தது. எது எவ்வளவு என்று போடவில்லை. தயாரித்தவர் முகவரியும் இல்லை.

இப்படிப்பட்ட பொடிகளில் இரண்டு ஆபத்து உண்டு. முதலாவது, ரகசியமாக இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலப்பது. மூலிகை என்று விற்ற பொருள்களில் கிளிபென்க்ளமைட் மாத்திரைச் சத்து இருந்ததைப் பல நாட்டுச் சோதனைக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. "பொடி சாப்பிட்ட ரெண்டே நாள்ல சுகர் இறங்கிடுச்சு" என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்! இரண்டாவது, ஈயமும் பாதரசமும். இன்டர்நெட்டில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்தார்கள். சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2008-ல் அறிவித்தார்கள். சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே கஷ்டப்பட்டுக் கொண்டிருக்கும். அதன் தலையில் இதுவும் வேண்டுமா?

இதை வைத்து சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்து, பட்டம் வாங்கி, நாடி பார்த்து மருந்து தருகிற சித்த மருத்துவர் வேறு, பஸ் ஸ்டாண்டிலும் செல்போனிலும் விற்கிறவர் வேறு. முன்னவர் "மாத்திரையை உடனே நிறுத்து" என்று அவசரப்பட மாட்டார். பின்னவருக்கு அதுதான் முதல் வசனம்.

இன்னொரு சேதி. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம்! 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. எழுபது வருஷமாகச் சட்டம் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது!

விற்க முடியாத மருந்து

இப்போது எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு மருந்தைச் சொல்கிறேன். அது டப்பாவில் வராது. அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஆராய்ச்சி நடந்த இடம் நம் சென்னை. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு தினம் அரை மணி நடை, இனிப்பையும் எண்ணெயையும் மாவுச்சத்தையும் குறைத்தல். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின். நான்காவது பிரிவுக்கு இரண்டும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வந்தது. சும்மா இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்து விட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு மட்டும். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேர். அதாவது நடையும் சாப்பாடும், மாத்திரைக்குச் சமமாக நின்றன! அவர்களுக்குப் பெரிதாக எடைகூடக் குறையவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆராய்ச்சி (2002) இன்னும் பலமாகச் சொன்னது. வாரம் 150 நிமிஷ நடை, உடம்பு எடையில் ஏழு சதவீதம் குறைப்பு என்று இலக்கு வைத்தார்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரையால் 31 சதவீதம்தான்.

நோய் வந்தவர்களுக்கு? பிரிட்டனில் 2017-ல் வந்த ஒரு ஆராய்ச்சி. நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்களை டாக்டர் கண்காணிப்பில், மாதக்கணக்கில் கடுமையான கலோரிக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை சரியாக நின்றது. ஆனால் இரண்டாம் வருஷம் அது 36 சதவீதமானது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது. அதனால் அவர்கள்கூட 'குணம்' என்று சொல்லவில்லை. நோய் ஓய்வெடுக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடி பேர். வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்! உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

தட்டு யாருடையது?

"அவருக்கு மட்டும் தனியா சமைக்கணும் டாக்டர். எங்களால முடியல" என்று வீட்டுக்கு வீடு பெண்கள் சொல்கிறார்கள். எதற்குத் தனியாக? அவருக்கு நல்லதாக இருக்கிற சாப்பாடு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே! அப்பாவுக்கு சர்க்கரை என்றால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பும் அதிகம். ஒரே உலை, ஒரே குழம்பு. சோறு இரண்டு கரண்டி குறையட்டும். அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆண்களுக்கு நோய் என்றால் பத்தியச் சமையல் நடக்கிறது. அம்மாவுக்கு நோய் என்றால்? மிச்சச் சோற்றை வீணாக்க மனசில்லாமல் அவர்தான் சாப்பிடுகிறார். மாத்திரை தீர்ந்தால் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்". நடக்கப் போக நேரம் கேட்கவே கூச்சம். அம்மாக்களே, கூச்சப்படாதீர்கள்! வீட்டுக்காரர்களே, நீங்கள் கேட்காமலே அந்த அரை மணியைக் கொடுங்கள்.

ஒரே மூச்சில் அரை மணி நடக்க முடியவில்லையா? நியூசிலாந்தில் 2016-ல் ஒரு சின்ன ஆராய்ச்சி செய்தார்கள். ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிஷம் நடந்தவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. தசைகள் அசைந்தால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். ராத்திரி சாப்பிட்டதும் டி.வி. முன்னால் உட்காராமல் மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடங்கள். இரண்டு பேராக நடந்தால் ஊர் வம்பும் பேசலாம்!

நான் கேட்பது

நோயாளிகளிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: எந்தப் பொடியாக இருந்தாலும், சாப்பிடுவதற்கு முன் டப்பாவோடு கொண்டு வந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். குறிப்பாகச் சின்ன வயசிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலினை நம்பி வாழ்கிற குழந்தைகளுக்கு, எந்த மூலிகையும் அதற்கு மாற்று இல்லை. நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய் விடும். இதில் பரிசோதனை செய்து பார்க்க இடமே கிடையாது.

மூன்று: மூன்று மாதத்துக்கு ஒரு முறை சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பி.ஏ1சி பரிசோதனை செய்யுங்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள். பொடியோ, மாத்திரையோ, நடையோ, கேட்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது விளம்பரம் அல்ல, இந்தக் கணக்கு.

என் சக டாக்டர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூலிகை என்ற வார்த்தையைக் கேட்டதும் சீறாதீர்கள். "வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று நீங்களாகக் கேளுங்கள். நாம் திட்டினால் அவர்கள் பொடியை நிறுத்த மாட்டார்கள். நம்மிடம் சொல்வதை நிறுத்தி விடுவார்கள்.

வாத்தியார் இப்போது பரவாயில்லை. விரல் போன இடம் ஆறி விட்டது. தனியாகச் செய்து வாங்கிய செருப்புப் போட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசலுக்கும் முனை வீட்டுக்குமாக மெதுவாக நடக்கிறார். போன மாசம் வந்தபோது பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தெரிஞ்சவங்க குடுத்தாங்க. ஆவாரம்பூவாம். இன்னும் தொடலைப்பா. நீ பார்த்துச் சொல்லு."

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.